குப்பைக்குள் ஒரு வழக்கு



கரிசல் காட்டில் 'குப்பை' என்னும் சொல்லுக்கு இழிபொருள் கிடையாது. தொழுவத்துச் சாணமும், அடுப்புச் சாம்பலும், மாடு தின்று கழித்த கூளமும் குழியிற் சேர்ந்து மக்கியபின் அதற்குப் பெயர் குப்பை. கோடையில் 'குப்பை அடிக்கிறார்கள்' என்றால் வண்டி வண்டியாக எரு நிலத்துக்குப் போகிறது என்று பொருள். புரட்டாசி, ஐப்பசி விதைப்புக்கு முன்னர் அது மண்ணோடு கலந்துவிட வேண்டும். நகரத்தார் தெருவிற் கொட்டுவதும் குப்பைதான். சம்சாரி சேர்த்துவைப்பதும் குப்பைதான். ஒரே சொல்லுக்குள் இப்படி இரண்டு மனங்கள் இருப்பதை உணர்ந்தவர்க்கு, ஜெஸ் கிட் எழுதிய 'த ஹோர்டர்' என்ற ஆங்கில நாவல் அந்நியமாகத் தோன்றாது. 2018இல் வெளிவந்த இந்நூல் அமெரிக்காவில் 'மிஸ்டர் ஃப்ளட்ஸ் லாஸ்ட் ரிசார்ட்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது.

கதை நிகழுமிடம் லண்டன். கேத்தல் ஃப்ளட் என்ற அயர்லாந்துக் கிழவர், இடிந்து சரியும் பெரிய மாளிகையொன்றில் பூனைகளோடும் பல்லாண்டுச் சேகரங்களோடும் தனித்து வாழ்கிறார். நேஷனல் ஜியாகிரபிக் இதழ்களை அடுக்கி எழுப்பிய சுவர் ஒன்று வீட்டை இரண்டாகப் பிரிக்கிறது. அவரைக் கவனித்துக்கொள்ள அனுப்பப்படுகிறாள் மாட் டிரென்னன். சமைத்துப் போடுவதும், துலக்குவதும், வசவு வாங்குவதும் அவள் வேலை. போதாக்குறைக்குக் கத்தோலிக்கப் புனிதர்கள் சிலர் அவள் கண்ணுக்கு மட்டும் தெரிகிறார்கள். கூடவே நடந்து வந்து வாய்க்கு வந்ததைச் சொல்கிறார்கள். துருத்திய கண்களோடு சாமியாடும் கோடாங்கியைப் பார்த்து வளர்ந்த கோவில்பட்டி வாசகருக்கு இதில் வியப்பு அதிகமிராது. முகம் எரிக்கப்பட்ட ஒரு புகைப்படம் அந்தக் குவியலிலிருந்து வெளிப்பட, துப்புத் துலக்கும் கதை தொடங்குகிறது. மாட்டின் வாழ்விலும் ஒரு மர்மம் உண்டு: சிறுவயதில் அவளுடைய அக்காள் காணாமற் போனவள். முடிச்சுகள் எவ்வாறு அவிழ்கின்றன என்பதைப் படிப்போர் சுவைக்கு விட்டுவிடுதல் முறை.

நாவலின் வலிமை அதன் முற்பகுதியில் இருக்கிறது. கிழவரும் பணிப்பெண்ணும் ஒருவரையொருவர் வேவு பார்க்கும் உரையாடல்கள் நகைச்சுவையும் குரூரமும் கலந்தவை. பிற்பகுதியில் மர்மம் வேகமெடுத்தபின் கஞ்சி காய்ச்சுவதும் படுக்கை மாற்றுவதும் பின்தள்ளப்படுகின்றன. பணிவிடை என்பது தினமும் திரும்பத் திரும்பச் செய்வது. துப்பறியும் கதையோ ஒருமுறை நடந்து முடிவது. இரண்டையும் ஒரே நுகத்தில் பூட்டியதில் ஒரு மாடு முந்திவிட்டது. எனினும் ஆசிரியர் கண்ட அடிப்படை உண்மை ஒன்று உண்டு. அந்த வீட்டை யாரேனும் முன்பே துப்புரவாக்கியிருந்தால் கண்டுபிடிக்க எதுவும் மிஞ்சியிராது.

சேர்ப்பவரைத் தெய்வமாக்கிவிடவும் கூடாது. நியூயார்க்கில் ஹோமர் காலியர், லாங்லி காலியர் என்ற சகோதரர் இருவர் வாழ்ந்தனர். அண்ணன் ஹோமர் கண்பார்வை இழந்து முடங்கியவர். அவருக்கு உணவூட்டி, பார்வை திரும்புமென்ற நம்பிக்கையில் வாரந்தோறும் ஆரஞ்சுப் பழங்களைக் கொடுத்துவந்தவர் தம்பி லாங்லி. பார்வை வந்ததும் அண்ணன் படிப்பதற்கென்றே பல்லாண்டுச் செய்தித்தாள்களையும் அடுக்கி வைத்தார். 1947 மார்ச்சில் ஹோமர் பிணமாகக் கண்டெடுக்கப்பட்டார். வீட்டிலிருந்து நூறு டன்னுக்கு மேற்பட்ட பொருள்களை அகற்றியபின், ஏப்ரலில், சில அடி தொலைவிலேயே லாங்லியின் உடலும் கிடைத்தது. அண்ணனுக்கு உணவு கொண்டு வருகையில் குவியல் சரிந்து அவர்மேல் விழுந்திருந்தது. அங்கே பணிவிடை செய்தவரும் பொருள் சேர்த்தவரும் ஒருவரே. 2013இல் அமெரிக்க உளமருத்துவர் சங்கம் அளவிறந்த சேகரிப்பைத் தனியானதொரு மனநோயாக வகைப்படுத்தியது. அந்த நோயின் துன்பம் மெய்யானது. கதைக்குரிய வேடிக்கையாக மட்டும் அதைக் கருதுவோர் லாங்லியை நினைத்துக்கொள்ளலாம்.

ஆனால் மழையை நம்பிய நிலத்தில் சேமிப்புக்கு வேறு இலக்கணம். குலுக்கையில் விதைத் தானியம், பரணில் ஒடிந்த கலப்பையின் பாகம், முற்றத்தில் அடுப்பெரிக்கப் பருத்திமார். அடுத்த ஆண்டு மழை பொய்த்தால் இவற்றுள் எது உதவுமென்று யாருக்குத் தெரியும்? இடைசெவலைச் சேர்ந்த கி. ராஜநாராயணன் இதே சம்சாரிப் புத்தியோடு சொற்களைச் சேர்த்தார். 1982இல் வெளிவந்த கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி அவ்வாறு விளைந்தது. பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காதவரைப் புதுவைப் பல்கலைக்கழகம் பேராசிரியராக அழைத்துக்கொண்டதும், 'கோபல்லபுரத்து மக்கள்' 1991இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றதும் பின்னர் நிகழ்ந்தவை. பண்டிதர் 'கொச்சை' என்று ஒதுக்கியவற்றையும், கண்ணியவான்கள் காதைப் பொத்திக்கொண்ட பாலியல் கதைகளையும் அவர் எறியவில்லை.

கடிதங்களும் அப்படியே. அதே ஊர்க்காரரும் தோழருமான கு. அழகிரிசாமி 1970இல், ஐம்பது வயது எட்டுமுன்னரே மறைந்தார். அவர் எழுதிய கடிதங்கள் பின்னாளில் நூலாயின. இடைசெவல் வீட்டில் ஒருவர் அவற்றைப் பத்திரப்படுத்தியிருந்ததே அதற்குக் காரணம். நண்பர் நோயும் வறுமையும் சங்கீதமுமாகப் பேசுவதை இன்று வாசகர் கேட்க முடிகிறதென்றால், பழந்தாளை எடைக்குப் போடாத ஒரு பிடிவாதத்துக்கு நன்றி சொல்ல வேண்டும்.

அந்தப் பிடிவாதத்துக்கு நிழலாய் நின்றவர் கணவதி அம்மாள். இளமையில் காசநோயால் நலிந்த கி.ரா. 2021 மே 17 வரை வாழ்ந்தார். 2019இல் தாம் மறையும் வரை உடனிருந்து காத்தவர் அந்த அம்மையார். விழா மலர்களில் எழுத்தாளரின் படம் முழுப் பக்கம் வரும். அருகில் அமர்ந்தவர் பெயர் சில வேளை விட்டும் போகும். ஜெஸ் கிட் செய்த நல்ல காரியம், கதை சொல்லும் உரிமையைச் சேர்த்தவரிடம் கொடாமல் பணிவிடைக்காரியிடம் கொடுத்தது. தமிழில் அப்படியொரு நாவல், எழுத்தாளர் வீட்டு அடுக்களையிலிருந்து, எழுதப்பட வேண்டும். அவையில் அமர்ந்திருக்கும் பெண் கவிஞர்கள் இதைக் கேட்டு முறுவலிக்கலாம், ஒருவரேனும் எழுதட்டும்.

கோட்டையூர் ரோஜா முத்தையாவையும் இங்கே குறிப்பிட வேண்டும். விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த அவர் ஏறத்தாழ ஒரு லட்சம் அச்சுப் பொருள்களைச் சேர்த்தார். நூல்களோடு நாடக நோட்டீசுகளையும் அழைப்பிதழ்களையும்கூட விடவில்லை. 1992இல் அவர் காலமானபின் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கி, அதைச் சென்னையிலேயே ஆய்வு நூலகமாக நிலைக்கச் செய்தது. வாங்க வந்தது தமிழகத்துப் பல்கலைக்கழகம் அன்று என்பது ஒரு சிறு உறுத்தல்.

கோவில்பட்டிப் பக்கத்து வீடுகளில் பெரியவர் ஒருவர் மறைந்தால், விசேஷம் முடிந்ததும் வீட்டை ஒழிப்பார்கள். வேட்டிகள் ஒருபுறம், மருந்துப் புட்டிகள் ஒருபுறம். தகரப் பெட்டியிலுள்ள வரவு செலவு நோட்டு, தொழிற்சங்கத் துண்டறிக்கை, தீப்பெட்டி ஆபீஸ் கூலிச் சீட்டு, அச்சேறாத பாட்டு எல்லாம் சாக்கில் கட்டப்பட்டுப் பழைய பேப்பர் கடைக்குப் போகும். கழுகுமலைக் கலவரத்தையும் சிவகாசிக் கலவரத்தையும் உட்கொண்ட 'அஞ்ஞாடி'யை எழுதப் பூமணி பழைய ஆவணங்களைத் தேடி அலைய வேண்டியிருந்தது. பத்தாண்டு நிறையும் இலக்கிய அமைப்பொன்றின் கூட்ட அழைப்பிதழ்களும் கையெழுத்துப் படிகளும் எங்கே இருக்கின்றன என்று விசாரித்தால், பெரும்பாலும் யாரோ ஓர் உறுப்பினர் வீட்டுப் பரணைச் சுட்டுவார்கள்.

அந்தப் பரணில் எந்தக் கட்டு எங்கே இருக்கிறதென்பது வழக்கமாக அந்த வீட்டம்மாளுக்குத்தான் தெரியும். சாக்கைக் கட்டுமுன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்பது நல்லது.