ஆண்டிகனி கேட்பது மண்ணை அல்ல, பாதையை

(நந்தனத்தில் நடந்த வாசிப்பு வட்டக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



கிரேக்கத் துன்பியல் நாடகங்களும் அவற்றின் நவீன மறுவாசிப்புகளும்தான் என் முனைவர் பட்ட ஆய்வு. தலைப்பைச் சொன்னபோது, “நம்ம ஊர்ல இல்லாத சாவா, கிரேக்கத்துல போய்த் தேடுற?” என்று கேட்டார் அம்மா. அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலை இங்கே சொல்லிப் பார்க்கிறேன்.

சோபாக்ளீஸின் ‘ஆண்டிகனி’ ஏறத்தாழ கி.மு. 441இல் ஏதென்ஸில் மேடையேறியது. தீப்ஸ் நகரின் அரியணைக்காகச் சண்டையிட்ட சகோதரர்கள் இருவரும் மாண்டுபோகிறார்கள். அடுத்து அரசனாகும் தாய்மாமன் கிரியோன், ஒருவனை மரியாதையோடு அடக்கம் செய்கிறான். படையெடுத்து வந்த மற்றவனை யாரும் புதைக்கக் கூடாது, மீறினால் மரணம் என்று ஆணையிடுகிறான். தங்கள் சகோதரி ஆண்டிகனி அந்த உடலின் மேல் மண் தூவுகிறாள். உயிரோடு குகையில் அடைக்கப்பட்டு, அங்கேயே தன்னை மாய்த்துக்கொள்கிறாள்.

இந்தக் கதையை ஒடுக்கப்பட்டவர்கள் திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். 1944இல், நாஜிகளின் பிடியில் இருந்த பாரிஸில் ழான் அனுய் எழுதிய ஆண்டிகனி மேடையேறினாள். 1973இல் தென்னாப்பிரிக்காவில் அதோல் ஃபுகார்டும் கறுப்பினக் கலைஞர்களான ஜான் கனியும் வின்ஸ்டன் நட்ஷோனாவும் சேர்ந்து ‘தீவு’ நாடகத்தை உருவாக்கினார்கள். அதில் ராபன் தீவுச் சிறையின் கைதிகள் இருவர் ஆண்டிகனியை நடிக்கத் தயாராகிறார்கள். அதே சிறையில் தான் கிரியோன் வேடம் போட்டதாக நெல்சன் மண்டேலா தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

தமிழ்நாட்டில் இதை மேடையேற்றினால் என்ன ஆகும்?

2016 ஜனவரி, அன்றைய நாகை மாவட்டம் திருநாள்கொண்டசேரி. நூறு வயது தலித் முதியவர் ஒருவர் இறந்தார். உடலைப் பொதுப்பாதையில் கொண்டுபோக சாதி இந்துக்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். பொதுப்பாதையிலேயே கொண்டுசெல்லலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆனாலும் காவல்துறை குடும்பத்தாரின் எதிர்ப்பை மீறி உடலைக் கைப்பற்றி, வேறு வழியாகக் கொண்டுபோய்த் தானே அடக்கம் செய்தது.

2019 ஆகஸ்ட், வாணியம்பாடி அருகே நாராயணபுரம். பாதை மறுக்கப்பட்டதால், ஒரு தலித்தின் உடலைக் கயிறு கட்டிப் பாலாற்றுப் பாலத்திலிருந்து கீழே இறக்கினார்கள். காணொளி பரவியது. உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. அரசோ தலித்துகளுக்குத் தனியாக மயான இடம் ஒதுக்கியது. அரசே பிரிவினையை ஊக்குவிப்பதாகாதா என்று நீதிமன்றம் கேட்டது.

கிரேக்க நாடகம் இங்கே தலைகீழாகிறது. கிரியோன் புதைக்காதே என்றான். நம் அரசு புதைத்துவிடுகிறேன், பாதையை மட்டும் கேட்காதே என்கிறது. ஆண்டிகனி சட்டத்தை மீறியதால் தண்டிக்கப்பட்டாள். நம் ஆண்டிகனியின் கையில் நீதிமன்ற உத்தரவே இருக்கிறது, அப்போதும் தோற்கிறாள். காரணம், இங்கே தடை விதிப்பவன் அரியணையில் இருக்கும் ஒரு தனி மனிதன் இல்லை. அவன் ஊராக இருக்கிறான். ஊரின் ஆணை எந்தக் காகிதத்திலும் எழுதப்படவில்லை, அதனால் அதை ரத்து செய்யவும் எவராலும் முடிவதில்லை. தீப்ஸ் மக்கள் அரசனுக்குப் பயந்து மௌனமாக இருந்தார்கள். இங்கோ அரசுதான் ஊருக்குப் பயப்படுகிறது.

ஆகவே தமிழில் ஆண்டிகனியை மறுவாசிப்பு செய்பவர்கள் கதாநாயகியின் பெயரை மாற்றினால் மட்டும் போதாது. நாடகத்தில் கூடி நின்று பேசும் அந்த ஊர்ப்பெரியவர்களின் கோரஸைத்தான் முதலில் திருத்தி எழுத வேண்டும்.

கிரியோனின் மகன் ஹீமோன் எனக்கு மிக முக்கியமான பாத்திரம். ஆண்டிகனிக்கு நிச்சயிக்கப்பட்டவன். நகரத்து மக்கள் அவளுக்காக வருந்துகிறார்கள், நீங்கள் செய்வது தவறு என்று அப்பாவின் முகத்துக்கு நேராகச் சொல்கிறான். அவனை ஏன் முக்கியம் என்கிறேன் என்பதைச் சொல்லி முடிக்கிறேன்.

என் ஆயா இறந்தது ஐப்பசி மழையில். ஊர்த்தெரு வழியாகப் போனால் சுடுகாடு பத்து நிமிடம். நாங்கள் வாய்க்காலில் இறங்கிப் போனோம். இடுப்பளவு தண்ணீர். பாடை நனையாமல் இருக்கக் கைகளை உயர்த்தித் தூக்கிப் பிடித்திருந்தோம். கரையில் என்னோடு பள்ளியில் படித்த நண்பன் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். மறுநாள் வந்து என் கையைப் பிடித்து அழுதான். அந்த அழுகையை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அதை அவன் தன் அப்பாவிடம் போய் அழவில்லை.

இந்த அரங்கில் ஊர்த்தெருவிலிருந்து வந்த தோழர்களும் இருக்கிறீர்கள். சாதி ஒழிப்பு பற்றி நம்மோடு மணிக்கணக்கில் பேசுகிறீர்கள், மகிழ்ச்சி. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது வீட்டில் ஒன்று கேளுங்கள்: நம் தெரு வழியாக யாருடைய பாடை போகலாம்?

ஆண்டிகனிகள் எங்களிடம் ஏராளம். எங்களுக்கு வேண்டியது ஹீமோன்கள்.