ரிலேயின் நேரத்தை நீட்டும் கைவேலை

மாடிப்படி விளக்குக்குப் பொருத்திய டைமர் போர்டு பதினொரு விநாடியில் விளக்கை அணைத்துவிடுகிறது. முழங்கால் வலியோடு ஏறுகிறவர் பாதிப் படியில் இருட்டில் நிற்க வேண்டியிருக்கிறது. வேறு போர்டு வாங்கலாம். அல்லது இருக்கிற போர்டிலேயே ஓரிரு உதிரிகளை மாற்றி, ரிலே இழுத்து நிற்கும் நேரத்தை நீட்டலாம். இந்த இரண்டாவது வழியைச் சில்லறை வேலை என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. நான் அதை உயர்ந்த கைவேலையாகவே மதிக்கிறேன்.

இத்தகைய போர்டுகள் பலவற்றில் இருப்பது 555 என்ற எட்டுக்கால் ஐசி. சுவிட்சர்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய ஹான்ஸ் கேமென்சிண்ட் 1971இல் இதைச் சிக்னெட்டிக்ஸ் நிறுவனத்துக்காக வடிவமைத்தார்; மறு ஆண்டு விற்பனைக்கு வந்தது. அவருடைய முதல் வடிவத்துக்கு ஒன்பது கால்கள் தேவைப்பட்டன. கெப்பாசிட்டரை நிரப்பத் தனியாக ஒரு மின்னோட்டச் சுற்று எதற்கு, வெறும் ரெசிஸ்டரே போதுமே என்று பிறகு அவருக்குத் தோன்றியது. ஒரு கால் மிச்சமானது. அந்த எளிமையின் பயனை இன்றும் நாம் அனுபவிக்கிறோம்: நேரத்தைத் தீர்மானிக்கும் ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் ஐசிக்கு வெளியே, சால்டரிங் அயர்ன் எட்டும் இடத்தில் இருக்கின்றன.

பொத்தானை அமுக்கியதும் ரிலே இழுக்கும், கெப்பாசிட்டரும் நிரம்பத் தொடங்கும். சப்ளை வோல்டேஜில் மூன்றில் இரண்டு பங்கை அது எட்டியதும் ஐசி ரிலேயை விட்டுவிடும். ரெசிஸ்டர் மதிப்பையும் கெப்பாசிட்டர் மதிப்பையும் பெருக்கி, அதை 1.1ஆல் பெருக்கினால் நேரம் விநாடியில் கிடைக்கும். 220 கிலோ ஓமும் 47 மைக்ரோஃபாரடும் என்றால் சுமார் 11 விநாடி. நம் மாடிப்படி விளக்கின் கதை இதுதான்.

இதை 50 விநாடி ஆக்க வேண்டும். ரெசிஸ்டரை மட்டும் 1 மெகா ஓம் ஆக்கினால் கணக்குப்படி 52 விநாடி வருகிறது. கைதேர்ந்தவர் இங்கே ஒரு கணம் நிற்பார். 12 வோல்ட் சப்ளையில், கெப்பாசிட்டர் 8 வோல்ட்டை நெருங்கும்போது ரெசிஸ்டரில் மிஞ்சுவது 4 வோல்ட். 1 மெகா ஓம் வழியாக அப்போது ஓடுவது வெறும் 4 மைக்ரோ ஆம்பியர். எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டருக்குக் கசிவு உண்டு. பழசானால் அது கூடும். ஓட்டைக் குடத்தில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுவதுபோல, உள்ளே வருவதும் வெளியே போவதும் சமமாகிவிட்டால் 8 வோல்ட் வரவே வராது. விளக்கு இரவெல்லாம் எரியும். அதனால் இரண்டையும் மிதமாக உயர்த்துவதே என் தேர்வு: 470 கிலோ ஓம், 100 மைக்ரோஃபாரட். அதே 52 விநாடிதான். ஆனால் கடைசிக் கட்ட மின்னோட்டம் இரண்டு மடங்கு. ஒரு வேலை செய்து முடித்த அன்று ஓடுவதற்கும் மழைக்காலம் தாண்டி ஓடுவதற்கும் உள்ள வித்தியாசம் இப்படிப்பட்ட தேர்வில் இருக்கிறது.

நேரத்தைத் திருகி மாற்ற பிரீசெட் வைப்பவர்கள் அதோடு தொடராக 10 கிலோ ஓமாவது சேர்க்க வேண்டும். இல்லையென்றால் பிரீசெட் பூஜ்யத்துக்குப் போகும்போது, கெப்பாசிட்டரை வடிக்கும் ஏழாம் கால் நேராக சப்ளையில் மாட்டி ஐசி கெட்டுவிடும். புதுக் கெப்பாசிட்டரின் மைனஸ் கோடு பழையது இருந்த பக்கமே இருக்கட்டும். வோல்டேஜ் அளவு 25 இருந்தால் நிம்மதி. ரிலே காயிலின் குறுக்கே இருக்கும் டயோடில் கைவைக்க வேண்டாம். ரிலேயின் மறுபக்கம் 230 வோல்ட் வரும் போர்டு இது. பிளக்கைப் பிடுங்கிய பிறகே சால்டரிங் அயர்னை எடுங்கள்.

எலக்ட்ரோலிடிக்கின் மதிப்பு அச்சிட்டதிலிருந்து 20 சதவீதம் வரை விலகலாம். ஆகவே 52 என்று கணக்கிட்டது 45ஆகவோ 60ஆகவோ வந்தால் தப்பில்லை. மாடிப்படிக்கு அது போதும். ஒரு மணி நேரம் வேண்டும் என்று கேட்டால், 555இல் மேலும் மேலும் பெரிய கெப்பாசிட்டர் மாட்டுவதை நான் ஆதரிக்க மாட்டேன். அங்கே சிடி 4060 என்ற ஐசி வேண்டும். சிறிய கெப்பாசிட்டரை வைத்து 0.44 விநாடிக்கு ஒரு துடிப்பு உண்டாக்கினால், 8,192 துடிப்புகளை எண்ணி முடித்ததும் அதன் கடைசி அவுட்புட் உயரும். அப்போது ஒரு மணி நேரம் ஆகியிருக்கும்.