பார் கோழ



மட்டாஞ்சேரியில் வளரும் நம் பிள்ளைகள் மலையாளப் பத்திரிகையில் கண்டு, நம்மிடம் பொருள் கேட்ட தொடர் ஒன்று உண்டு. 'பார் கோழ' என்பது அது. தமிழ்ச் செவிக்கு, 'பார், கோழை!' என்று யாரையோ ஏளனம் செய்வதுபோல் ஒலிக்கும். மலையாளத்திலோ கோழ என்பது கையூட்டு. நம் கோழைக்கும் அதற்கும் உறவு கற்பிக்க நாம் துணியோம். ஒலி ஒத்தால் வேரும் ஒன்று எனல் சொல்லாராய்ச்சி ஆகாது.

'பார்' ஆங்கிலம் வழி வந்தது. பழைய பிரெஞ்சு மொழியில் அது தடுப்புக் கட்டையைக் குறித்தது. மதுக்கடையில் விற்பவனுக்கும் குடிப்பவனுக்கும் இடையே நின்ற பலகை அப்பெயர் பெற்று, பின்னர்க் கடைக்கே பெயராயிற்று. நீதிமன்றத் தடுப்பருகே நின்று வாதிடும் வழக்கறிஞர் குழாத்துக்கும் அதுவே பெயர். ஆக, எர்ணாகுளம் உயர்நீதிமன்றத்தில் வாதிட்டோரும் 'பார்', வழக்கின் பொருளும் 'பார்'!

2014 ஏப்ரலில் கேரளத்தில் 418 மதுக்கூடங்களின் உரிமம் புதுப்பிக்கப்படவில்லை. அவற்றைத் திறக்க நிதியமைச்சர் கே. எம். மாணி ஒரு கோடி ரூபாய் பெற்றார் என அவ்வாண்டு அக்டோபர் இறுதியில் மதுக்கூட உரிமையாளர் ஒருவர் குற்றஞ்சாட்டினார். மாணி மறுத்தார். உயர்நீதிமன்றம் கூறிய கருத்துகளை அடுத்து 2015 நவம்பர் 10-இல் பதவி விலகினார். 2019 ஏப்ரலில் மறைந்தார். எந்த நீதிமன்றமும் அவரைக் குற்றவாளி எனத் தீர்க்கவில்லை.

இனி இலக்கணத்துக்கு வருவோம். நம் முறைப்படி இதனை உருபும் பயனும் உடன்தொக்க தொகை எனலாம். விரித்தால், 'பாரைத் திறத்தற்காகப் பெற்றதாகச் சொல்லப்பட்ட கோழ' என்றாகும். தொகையில் உருபு மறைவது இயல்பு. அதனால் யாருக்கும் தீங்கில்லை. இங்கோ 'சொல்லப்பட்ட' என்பதும் உடன் மறைந்தது! வழக்கு முடியுமுன்பே சொல் தீர்ப்பளித்துவிட்டது. 'மதுக்கூடக் கையூட்டு' எனத் தமிழாக்கினும் இதே குறை நிற்கும். அமெரிக்கரின் 'வாட்டர்கேட்' இவ்வகையில் நேரியது. 1972-இல் அத்துமீறல் நடந்த கட்டடத்தின் பெயர் அது, குற்றம் இன்னதென்று அது கூறவில்லை.

இவ்வளவையும் பிள்ளைகளுக்கு விரித்துரைத்தோம். பொறுமையாகக் கேட்டிருந்த சிறுமி ஒருத்தி, "அவ்வளவும் எழுதினால் தலைப்பில் இடம் போதாதே, மாமா?" என்றாள்.