யார் ஷிஃப்ட்?



பட்டம் பெறவிருக்கும் உங்களிடம் விண்வெளி வீராங்கனை கல்பனா சாவ்லாவைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். சுதந்திர தினத்தன்று அவர் பெயரில் தமிழக அரசு துணிச்சலான பெண்களுக்கு விருது கொடுப்பது உங்களுக்குத் தெரியும். நம் மாவட்டத்தை ஒட்டிய ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2002 செப்டம்பரில் ஏவிய வானிலைச் செயற்கைக்கோளுக்கு, அவர் மறைந்த பின் ‘கல்பனா-1’ என்று பெயர் வைத்தார்கள். இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. நான் சொல்ல வந்தது 1997-ல் அவர் தலையில் விழுந்த ஒரு பழியை.

ஹரியானாவில் கர்னால் ஊர். டயர் தொழில் செய்தவரின் கடைக்குட்டி. சண்டிகரில் விமானப் பொறியியல் கேட்டபோது, பெண்ணுக்குச் சரிப்படாது என்றார்கள். காதில் வாங்கவில்லை. 1988-ல் அமெரிக்காவில் முனைவர் பட்டம், 1994-ல் விண்வெளி வீரராகத் தேர்வு, 1997 நவம்பர் 19-ல் முதல் பயணம்.

அந்தப் பயணத்தில் ‘ஸ்பார்டன்’ என்ற செயற்கைக்கோளை இயந்திரக் கையால் தூக்கி வெளியே விடுவது கல்பனாவின் வேலை. எடை 1,300 கிலோவுக்கு மேல். விட்டார். அது திரும்ப வேண்டிய மாதிரி திரும்பவில்லை. மறுபடி பிடிக்கப் போனார், பிடி விழவில்லை. இயந்திரக் கையைப் பின்னுக்கு இழுத்ததும் ஸ்பார்டன் சுழல ஆரம்பித்துவிட்டது. கடைசியில் வின்ஸ்டன் ஸ்காட், தகாவோ தோய் இருவரும் விண்கலத்தை விட்டு வெளியே வந்து, தங்கள் கையாலேயே பிடித்தார்கள். பழி கல்பனா மேல் விழுந்தது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கும் அண்ணன் அக்காமாரைக் கேட்டுப் பாருங்கள். ஒரு லாட் ரிஜெக்ட் ஆனால் முதல் கேள்வி, ‘யார் ஷிஃப்ட்?’ மெஷின் செட்டிங் யார் போட்டது என்பதெல்லாம் அப்புறம். புதிதாகச் சேர்ந்த ட்ரெய்னி என்றால் சொல்லவே வேண்டாம்.

நாசா ஐந்து மாதம் விசாரித்தது. மென்பொருளிலும், விண்கலக் குழுவும் தரைக் கட்டுப்பாட்டு மையமும் வைத்திருந்த நடைமுறையிலும்தான் கோளாறு. கல்பனா மேல் பழியில்லை என்று முடிந்தது. இதற்கிடையில், 1998 ஜனவரியில், வீரர்கள் பயன்படுத்தும் சாதனங்களைக் கவனிக்கும் பொறுப்பு அவருக்கு வந்தது. பத்திரிகையில் படம் வராத வேலை. அதைப் பார்த்தார். 2000-ல் இரண்டாம் பயணத்துக்குத் தேர்வானார். அதுவும் தள்ளித் தள்ளிப் போய் 2003 ஜனவரி 16-ல்தான் கிளம்பியது. விண்வெளியில் இருந்த நாட்களைவிட, தரையில் கழிந்த இந்த ஐந்து வருஷத்தில்தான் எனக்கு அவர் பெரிய மனுஷியாகத் தெரிகிறார்.

அந்த ஜனவரி 16-ல் ஏவிய 82-வது நொடியில் எரிபொருள் தொட்டியிலிருந்து பிய்ந்த நுரைத்துண்டு கொலம்பியா விண்கலத்தின் இடது இறக்கையில் மோதியது. கலம் மேலே சுற்றிக்கொண்டிருக்கும்போதே, இறக்கையைப் படமெடுத்துப் பார்க்க வேண்டும் என்று பொறியாளர்கள் சிலர் கேட்டார்கள். நிர்வாகம் தேவையில்லை என்றுவிட்டது. பிப்ரவரி 1-ல் கலம் சிதறி ஏழு பேரும் இறந்தார்கள். நுரைத்துண்டுக்கு இணையான காரணம் நாசாவின் நிர்வாகப் போக்கு என்று விசாரணைக் குழு ஆகஸ்டில் எழுதியது. ‘யார் ஷிஃப்ட்?’ என்று மட்டும் கேட்டிருந்தால் இந்தப் பதில் வந்திருக்காது.

உங்களில் சிலர் சீக்கிரமே சூப்பர்வைசர் ஆவீர்கள். அன்றைக்கு ஒரு ட்ரெய்னிப் பெண் வந்து, “மேடம், இது சரியில்லை போலிருக்கு” என்பாள். டார்கெட் நெருக்கும், மேலேயிருந்து போன் வரும். லைனை நிறுத்தி, அவள் காட்டுகிற பாகத்தை ஒருமுறை கையில் வாங்கிப் பாருங்கள்.