தங்கத் தாத்தாவும் தளை தட்டிய வெண்பாவும்

(சங்க மண்டபத்திலே புலவர் நினைவாக நிகழ்த்திய பேச்சு)



நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவரைப் பற்றிப் பேசுமாறு எம்மைப் பணித்தீர்கள். 1878ஆம் ஆண்டிலே பிறந்து 1953ஆம் ஆண்டிலே மறைந்த அவரை நாம் கண்டதில்லை. எம்மைப் பெற்றவர்களும் கண்டதில்லை. போதாக்குறைக்கு நாம் பயின்றது மிசன் பாடசாலை. இப்பொழுது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே கற்பது விஞ்ஞானம். பண்டிதர்கள் முன்வரிசையில் இருக்கும் அவையிலே யாப்பைப் பற்றி வாய் திறக்க எமக்கு யாது தகுதி? யோசித்துப் பார்த்தோம். ஒரு தகுதி உண்டு. எங்கள் வீட்டிலே ஒரு வெண்பா தளை தட்டிற்று. அதனை முதலிற் சொல்லிவிட்டுப் புலவரிடம் வருகிறோம்.

சென்ற ஆண்டு எம் பாட்டனார் சிவபதம் அடைந்தார். அந்தியேட்டிக்குக் கல்வெட்டு அச்சிடுவது எமது வழமை என்பதை நீங்கள் அறிவீர்கள். முகப்பிலே திதி வெண்பா. உள்ளே திருமுறையும் வரலாறும் சரமகவியும். முன்னாளிலே ஊருக்கொரு புலவர் இருந்தார். இறந்தவரை அறிந்தவர், அவர் வயலையும் வாய்க்காலையும் வாய்த்துடுக்கையும் அறிந்தவர். அவரே பாடிக் கொடுத்துவிடுவார். எங்களுக்கு அத்தகையவர் ஒருவரும் அகப்படவில்லை. அச்சகத்தாரிடம் ஆயத்தமாக ஒரு வெண்பா இருந்தது. ஆண்டையும் மாதத்தையும் திதியையும் பெயரையும் மாற்றினார்கள். காரியம் முடிந்தது என்று நாமும் மகிழ்ந்தோம்.

அந்தியேட்டி அன்று இளைப்பாறிய தமிழாசிரியர் ஒருவர் கல்வெட்டைக் கையில் எடுத்தார். முதற்பக்கத்தை வாசித்தார். மறுபடியும் விரலை மடக்கி மடக்கி வாசித்தார். பின்பு எம்மை அருகில் அழைத்து, “தம்பி, இது முந்தி ஆரோ ஒரு ஆறுமுகத்துக்குப் பாடின வெண்பா. உங்கட அப்புவை இதுக்குள்ள இழுத்து இருத்தியிருக்கினம். மனுசன் இருக்கேலாமல் நெளியிறார்” என்றார்.

மூத்தோர் பெயரைச் சபையிலே சொல்லுதல் எங்கள் வீட்டு வழக்கமன்று. சுப்பிரமணியம் என்று வைத்துக்கொள்வோம். ஆறுமுகம் என்பது நேர், நிரை, நேர், கூவிளங்காய். வெண்பாவிலே நன்றாக அமரும். சுப்பிரமணியமோ நேர், நிரை, நிரை, நேர், நாலசை. வெண்பாவின் வாசலில் நாலசைச் சீருக்கு இடமில்லை. சுப்பிர, மணியம் என்று இரண்டு சீராக வெட்டினாலோ விளத்தின் முன் நிரை வந்து, தளை தட்டும். இவற்றையெல்லாம் அன்று அந்த ஆசிரியர் முற்றத்துக் கதிரையில் இருந்தபடியே எமக்கு விளக்கினார். பரீட்சைக்காக அசை பிரித்து வாய்பாடு எழுதிப் புள்ளி வாங்கியவர் நாம். ஆனால் எம் பாட்டனாருடைய பெயர் பிழைத்துக் கிடந்தபொழுது அந்தப் புள்ளிகளில் ஒன்றாயினும் எழுந்து சத்தமிடவில்லை. வீடு நிறைந்திருந்த சனங்களிடையே அப்பிழையைக் கண்டவர் அவர் ஒருவரே. அவருக்கு வயது எண்பத்து மூன்று. அவர் சென்றபின் யார் காண்பார் என்ற எண்ணமே எம்மை வருத்தியது.

நிற்க. புலவர் செய்த நூல்களுள் ஒன்று கதிரைச் சிலேடை வெண்பா. கதிர்காமத்தைப் பாடியது. சிலேடை வெண்பா என்றால், ஒரே சொற்றொடர் இரண்டு பொருளுக்கு இசைய வேண்டும். இசைகின்ற அத்தொடர் வெண்டளையும் பிழையாதிருக்க வேண்டும். ஒரு பாட்டோடு விடாமல் பாட்டுக்குப் பாட்டு அவ்வாறே செல்ல வேண்டும். ஒரு பெயரை ஒரு வெண்பாவிலே இருத்த முடியாமல் நின்ற எமக்கு இதைக் கேட்டதும் தலை சுற்றியது.

ஆனால் ஈழத்தவர் அவரைத் தங்கத் தாத்தா என்று கொண்டாடுவது அந்த நூலுக்காகவன்று. ஆடிப்பிறப்புப் பாட்டுக்காகவும், கத்தரித் தோட்டத்து வெருளிக்காகவும், அவை போன்ற சிறுவர் பாட்டுகளுக்காகவுமே. ஆடிப்பிறப்புப் பாட்டை ஒருமுறை மனத்தாற் பாடிப் பாருங்கள். பயற்றை வறுப்பதும் அரிசியை இடிப்பதும் தேங்காயைத் துருவுவதும் முறைப்படி வருகின்றன. அதைக் கேட்டே ஒருவர் அடுப்பு மூட்டிவிடலாம். வெருளிப் பாட்டிலோ, கூலி வாங்காமற் காவல் நிற்பவன் என்று ஒரு வைக்கோற் பொம்மையைப் போற்றுகிறார். சிறுவர் சிரிப்பர், உத்தியோகம் பார்த்த பெரியோர் சிலரும் தமக்குள்ளே சிரிப்பர். ஓரிடத்தாயினும் ஓசை முட்டவில்லை. சிலேடை வெண்பாவிலே பழகிய செவி அல்லவா கூழுக்கும் கொழுக்கட்டைக்கும் ஓசை அளந்து கொடுத்தது! பதினையாயிரம் பாட்டுக்கு மேற் பாடினார் என்பர். ஒருவர் அத்துணை பாடினால் எல்லாம் மாணிக்கமாயிரா. சிறுவர் பாட்டுகளோ மாணிக்கமே.

எங்கள் வீட்டுக்கு இப்பாட்டு வந்த வழியையும் சொல்ல வேண்டும். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்துச் சனங்கள் நாவற்குழிப் பாலத்தாலே நகர்ந்தபொழுது, எம் பாட்டனார் உறுதிக்கட்டையும் அம்மம்மா இரண்டு சட்டியையும் எடுத்தார்கள். புத்தக அலுமாரி வீட்டோடு நின்றது. பின்பு அது இல்லை. அடுத்த ஆடி அவர்களுக்கு வன்னியிலே ஒரு கொட்டிலிலே பிறந்தது. கூழுக்குச் சர்க்கரை இல்லை. சிறுமியாயிருந்த எம் தாயாருக்கு அம்மம்மா பாட்டைச் சொல்லிக் கொடுத்தார். எந்தப் புத்தகத்தைப் பார்த்து? வாயிலே இருந்தது. ஓரடியின் இரண்டாம் எழுத்து அடுத்த அடியைக் கைபிடித்து அழைத்து வந்தது. ஒரு சொல் பிழைத்தால் நாவே தடுக்கிக் காட்டிக் கொடுத்தது. எதுகை என்றும் தளை என்றும் அம்மம்மாவுக்குத் தெரியாது. யாப்பு அவருக்காக அவ்வேலையைச் செய்தது.

இனி, பெரியோர்கள் பொறுத்தருள வேண்டும். இக்காலத்து இளைஞர் சோம்பேறிகள், அதனாலேதான் புதுக்கவிதை எழுதுகிறார்கள் என்று இம்மண்டபத்திலேயே கேட்டிருக்கிறோம். அதனை நாம் ஒப்பவில்லை. போரையும் இடப்பெயர்வையும் யாப்பில்லாத கவிதைகளிலேதான் நாம் முதலிற் படித்தோம், அழுதோம். வெற்று வாழ்த்துப்பாக்களிலே தளை இருந்தது; வேறொன்றும் இருக்கவில்லை. ஆயினும் தோழர்களே, யாப்பு விலங்கு என்று நீங்கள் சொல்லும்பொழுதும் எமக்குச் சிரிப்பு வருகிறது. பூட்டியே பார்க்காத விலங்கை எப்படி உடைப்பது?

மிசன் பாடசாலை மாணவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று நண்பர் ஒருவர் கேட்டார். புலவர் நெடுங்காலம் ஆசிரியராயிருந்த இந்துக் கல்லூரி வட்டுக்கோட்டையிலே உள்ளது. அதே வட்டுக்கோட்டையிலே அமெரிக்க மிசனார் 1823இல் நிறுவிய செமினறியிற் படித்தவரே சி. வை. தாமோதரம்பிள்ளை. யாப்பும் அடங்கிய வீரசோழியத்தை 1881இல் அச்சேற்றியவர் அவர். புலவர் சரித்திரங்களைத் திரட்டிப் பாவலர் சரித்திர தீபகம் எழுதிய ஆர்ணல்ட் சதாசிவம்பிள்ளையும் அந்த மிசனைச் சேர்ந்தவரே. எம் பாடசாலையிலே இவர்கள் பெயரை எமக்கு ஒருவரும் சொல்லவில்லை என்பது வேறு கதை.

இப்பொழுது சனிக்கிழமைகளில் நாம் அந்த முதிய ஆசிரியர் வீட்டுக்குச் சைக்கிளிற் செல்கிறோம். காரிகையோடு தொடங்குவார் என்று புதுக்கொப்பி வாங்கிச் சென்றோம். அவரோ கொப்பியை மூடச் சொன்னார். ஆடிப்பிறப்புப் பாட்டைப் பாடு, எங்கே கை தட்டுகிறாய் என்று பார் என்றார். இருபத்திரண்டு வயதிலே, அவருடைய பேரப்பிள்ளைகள் கதவுக்குப் பின்னால் நின்று சிரிக்க, கைதட்டிப் பாடினோம். இரண்டு மாதம் அதுவே பாடம். அதன் பின்பே அசை. அதன் பின்பே தளை.

பாட்டனாரின் ஆட்டைத் திவசத்துக்கு இன்னும் ஆறு கிழமை உண்டு. அதற்குள் திதி வெண்பாவைத் திருத்தி அச்சிடுவதாக அம்மம்மாவுக்கு வாக்களித்திருக்கிறோம். நாலசைப் பெயரை என்ன செய்வது என்று ஆசிரியரைக் கேட்டோம். “பேரை வெட்டாதை, ஆளைச் சொல்லு” என்றார். மூன்று நாள் கழித்து ‘வேலன் பெயரான்’ என்று எழுதிச் சென்றோம். தேமா, புளிமா, மாமுன் நிரை. அவர் விரலை மடக்கிப் பார்த்தார்; ஒன்றும் சொல்லாமல் உள்ளே திரும்பித் தேநீர் கொண்டுவரச் சொன்னார். மூன்றடி முடிந்துவிட்டது. ஈற்றடியின் கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கில் ஒன்றாக வரவேண்டும்; அதனைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.