அயல்நாட்டுப் பயணமும் பாங்கு அட்டையும்

(செவ்வாப்பேட்டையில் கூடிய நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கணமும் இலக்கியமும் கற்பித்துக் காலங் கழிக்கும் தமிழாசிரியராகிய எமக்கும், பணம் வழங்கும் யந்திரத்துக்கும் என்ன தொடர்பு என்று உங்களுட் சிலர் ஐயுறலாம். அவ்வையம் நியாயமானதே. ஆயினும், இன்று இவ்வவையில் இப்பொருளைப் பேசுதற்கு எம்மினும் தகுதியுடையார் ஒருவரும் இலர் என்று துணிந்து கூறுவோம். அத்தகுதி எமது அறிவினால் வந்ததன்று; அறியாமையினால் வந்தது. அஃது எங்ஙனம் என்பதனைப் பின்னர்க் கூறுவோம்.

கடல் கடந்து சென்று பொருள் ஈட்டுதல் தமிழர்க்குப் புதியதன்று. நகரத்தார் பெருமக்கள் இரங்கூன், பினாங்கு, கொழும்பு, சைகோன் முதலிய நகரங்களிற் கடை வைத்துக் கொடுக்கல் வாங்கல் நடத்திய காலத்தில், ஓரூரில் எழுதிய உண்டி மற்றோரூரிற் பணமாக மாறிற்று. காகிதத் துண்டாகிய அவ்வுண்டிக்கு மதிப்பளித்தது யாது? எழுதினவர் இன்னார், அவருடைய கடை இன்னது, அவர் நாணயம் இத்தகையது என்பதனைப் பெற்றுக்கொண்டவர் அறிந்திருந்தமையே. பின்னர் 1937-ஆம் ஆண்டு பிப்ரவரி 10-ஆம் நாள், எம்.சிடி.எம். சிதம்பரஞ் செட்டியார் அவர்கள் இந்தியன் ஓவர்சீஸ் பாங்கினைக் காரைக்குடி, சென்னை, இரங்கூன் என்னும் மூன்றிடங்களில் ஒருங்கே திறந்து வைத்தார். அயல்நாட்டு நாணய மாற்றினையே முதன்மையாகக் கொண்டு அது தோன்றிற்று. ஆளை அறிந்து பணங்கொடுத்த காலம் மெல்ல நீங்கிக் கணக்கை அறிந்து பணங்கொடுக்கும் காலம் இவ்வாறு வந்தது.

இன்றோ, ஆளுமின்றிக் கணக்கெழுதும் குமாஸ்தாவுமின்றி, சுவரிற் பதித்த ஓர் யந்திரமே பணத்தை எடுத்து நீட்டுகின்றது. இதனை ஏ.டி.எம். என்று சிறு குழந்தையும் அறியும். இத்தகைய யந்திரம் முதன்முதல் இலண்டன் மாநகரைச் சார்ந்த என்ஃபீல்டு என்னுமிடத்தில், பார்க்லேஸ் பாங்கின் வாயிலில், 1967-ஆம் ஆண்டு ஜூன் 27-ஆம் நாள் நிறுவப்பெற்றது. அதனை அமைத்த ஜான் ஷெப்பர்டு பாரன் என்பார் நம் இந்திய நாட்டு ஷில்லாங்கில் 1925-இற் பிறந்தவர். இரகசிய எண்ணை ஆறிலக்கமாக வைக்க அவர் முதலில் எண்ணினாராம். தம் மனைவியாரை வினவ, அவ்வம்மையார் நான்கிலக்கமே தம் நினைவில் நிற்கும் என்றாராம். அதனால் நான்கே வழக்காயிற்று என்று அவரே பின்னாளிற் கூறியுள்ளார். நம் நாட்டில் இவ்வியந்திரம் 1987-இல் மும்பையில் முதன்முதல் வந்தது.

அன்பர்களே! பழைய உண்டிக்கும் இன்றைய அட்டைக்கும் உள்ள வேற்றுமையை உற்று நோக்குங்கள். உண்டியைப் பெற்றவர் கொண்டுவந்தவன் முகத்தைப் பார்த்தார்; ஐயமிருப்பின் நான்கு கேள்வி கேட்டார். யந்திரம் முகம் பாராது, குலம் கேளாது, நல்லவன் தீயவன் என்று பிரித்தறியாது. அட்டையும் நான்கிலக்கமும் ஒத்திருப்பின் கள்வனுக்கும் அள்ளிக் கொடுக்கும். ஒவ்வாவிடின் உரியவனுக்கும் இல்லை என்னும். ஆதலின், முன்னே பிறருடைய அறிவு காத்த நம் பொருளை இன்று நம்முடைய அறிவே காத்தல் வேண்டும். அவ்வறிவைப் பெறுதற்குத் தடையாய் நிற்பது ஒன்றே, அதுதான் வெட்கம். இதுவே யாம் இன்று சொல்ல வந்த செய்தி.

முதலில் எமது வெட்கத்தையே கூறுவோம். ஈராண்டுகளுக்கு முன்னர் உறவினர் இல்லத்து மணவிழாவின் பொருட்டுச் சிங்கப்பூர் சென்றிருந்தோம். கைப்பணம் குறைந்தமையால், ஒருநாள் மாலை சிராங்கூன் சாலையில் ஓர் யந்திரத்தின் முன் நின்று அட்டையைச் செருகி எண்ணை அழுத்தினோம். அட்டை மறுக்கப்பட்டது. மீண்டும் செருகினோம், மீண்டும் மறுப்பே. பின்னால் வரிசை நீண்டது. செவ்வாப்பேட்டைக்கு வெளியே எம்மை யார் அறிவார் என்று தேற்றிக்கொண்டும் முகம் வியர்த்தது. அப்போது வரிசையில் நின்ற இளைஞர் ஒருவர், “ஐயா தமிழ்நாடுங்களா? எந்த ஊர்?” என்று வினவினார். சொன்னோம். அவர் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஃபிட்டராகப் பணிபுரிந்து, பின் அங்கே கப்பல் கட்டுந் தளத்திற்குச் சென்றவராம்.

அவர் எம்மை ஒருபுறம் அழைத்து, “அட்டை கெட்டுப் போகவில்லை ஐயா, வெளிநாட்டில் பயன்படுத்த ஊரிலேயே திறந்து வைத்திருக்க வேண்டும். இப்போதும் உங்கள் போனிலேயே திறக்கலாம்” என்றார். அவர் காட்டிய வழியே எம் கைப்பேசியிற் பாங்கின் செயலியைத் திறந்து, வெளிநாட்டு உபயோகம் என்னும் பகுதியைத் தொட்டோம். இரகசிய எண்ணை அழுத்த வேண்டிய இடம் வந்ததும் அவ்விளைஞர் தாமாகவே முகத்தை மறுபுறம் திருப்பிக்கொண்டார். அந்நாகரிகத்தை யாம் மறவோம். பணம் வந்தது. இருபது ஆண்டுகளாக மாணவரை நோக்கி, தெரியாததைக் கேட்க நாணாதே என்று ஓதி வந்த யாம், புறப்படுமுன் நம் பாங்கிற் சென்று ஒரு வார்த்தை கேட்க நாணியிருந்தோம் என்பது அப்போதுதான் எமக்கு விளங்கிற்று.

அவ்விளைஞர் கூறியதன் காரணம் இது. 2020-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் நாள் ரிசர்வ் பாங்கு ஓர் ஆணை பிறப்பித்தது. புதிதாக வழங்கும் அட்டைகள் இந்தியாவிற்குள் யந்திரங்களிலும் கடைகளிலும் மட்டும் செல்லும்படி வழங்கப்பெற வேண்டும். வெளிநாட்டு உபயோகத்தை உரியவரே வேண்டித் திறந்துகொள்ள வேண்டும். நாளொன்றுக்கு எத்துணைப் பணம் எடுக்கலாம் என்னும் வரம்பையும் அவரே குறைக்கவும் கூட்டவும் இயலவேண்டும் என்பது அதன் சாரம். இஃது நம்மைத் துன்புறுத்த வந்த ஆணையன்று. பூட்டிய கதவின் சாவியை நம் கையிலேயே தந்த ஆணை. சாவியிருப்பதை அறியாதவன் கதவைக் குறை கூறுகின்றான்.

இனி, கேட்டறியாத வெட்கத்தினும் கொடியது, இழந்ததைச் சொல்லாத வெட்கம். நம் வட்டாரத்துத் தம்பதியர் ஒருவர் பத்துமலைத் தைப்பூசம் காண மலேசியா சென்றனர். பெயர் வேண்டா, அவர்கள் நம்மவர், இதனை இங்குக் கூற இசைந்தும் உள்ளனர். நெரிசலிற் கைப்பை காணாமற் போயிற்று. அதனுள் அட்டை, அட்டையின் உறையிலேயே இரகசிய எண். மகன் கடிந்துகொள்வானே என்று அஞ்சி நான்கு நாள் ஒருவர்க்கும் உரைத்திலர். அந்நான்கு நாளும், நாளொன்றுக்கு எடுக்கக்கூடிய அளவு முழுவதும் எடுக்கப்பட்டது. மகள் திருமணத்துக்குச் சேர்த்து வைத்த தொகையிற் பெரும்பகுதி போயிற்று. முதல்நாள் மாலையே பாங்கிற்குத் தெரிவித்திருப்பின் ஒருநாள் இழப்போடு நின்றிருக்கும்.

இங்கே சட்டம் கூறுவதனை நன்கு மனங்கொள்ளுங்கள். 2017-ஆம் ஆண்டு ஜூலை 6-ஆம் நாள் ரிசர்வ் பாங்கு வெளியிட்ட விதியில், எண்ணைப் பிறர்க்கு வெளியிடுதல் போன்ற நம் கவனக்குறைவால் நேர்ந்த இழப்பாயினும், பாங்கிற்குத் தெரிவிக்கும் வரையிலுள்ள இழப்பே நம்மைச் சேரும். தெரிவித்த பின் நேரும் இழப்பு பாங்கையே சேரும் என்று கூறப்பட்டது. நம்பாலும் பாங்கின்பாலும் குறையின்றி இடையிலே பிறர் செய்த மோசமாயின், அறிவிப்பு வந்த மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் நமக்கு இழப்பே இல்லை என்றும் வகுக்கப்பட்டது. ஆகவே, ஒவ்வொரு நாள் மௌனத்திற்கும் விலையுண்டு. அவ்விலையை அத்தம்பதியர் கொடுத்தனர்.

பயணம் புறப்படுவோர் கைக்கொள்ள வேண்டியவற்றை இனிச் சுருங்கச் சொல்லுவோம்.

ஒன்று: புறப்படுமுன் வெளிநாட்டு உபயோகத்தைத் திறந்து, நாள் வரம்பைத் தேவையளவே வையுங்கள். ஊர் திரும்பியதும் மூடிவிடுங்கள். பாங்கு அனுப்பும் குறுஞ்செய்தி வந்து சேரும்படி நம் ஊர் சிம் அங்கும் இயங்க வழி செய்துகொள்ளுங்கள்.

இரண்டு: இருவேறு பாங்குகளின் அட்டை இரண்டினை வேறு வேறு பைகளில் வையுங்கள். அட்டையை முடக்க அழைக்க வேண்டிய தொலைபேசி எண் அட்டையின் பின்புறம் அச்சிடப்பட்டிருக்கும். அட்டையே போய்விட்டால் அவ்வெண்ணும் போய்விடும் அன்றோ? அதனைத் தனியே ஒரு குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். இரகசிய எண்ணை மட்டும் எங்கும் எழுதாதீர்கள்.

மூன்று: அயல்நாட்டு யந்திரம் சிலபோது, கணக்கை ரூபாயில் வைக்கட்டுமா, இந்நாட்டு நாணயத்தில் வைக்கட்டுமா என்று இனிமையாகக் கேட்கும். ரூபாய் என்றதும் நம் மனம் குளிரும். குளிர வேண்டா. ரூபாயைத் தேர்ந்தால், மாற்று விலையை யந்திரத்துக்குரியவரே தம் இலாபத்தையும் சேர்த்து நிர்ணயிப்பர். அந்நாட்டு நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். கடைகளிலும் அவ்வாறே.

நான்கு: எடுக்குந்தோறும் செலவுண்டு. நம் பாங்கு ஒரு கட்டணம் வாங்கும். அந்நாட்டு யந்திரத்தார் மற்றொன்று வாங்குவதுண்டு. நாணய மாற்றுக்கென நூற்றுக்கு இரண்டு முதல் மூன்றரை வரை பல பாங்குகள் சேர்க்கும். ஒருமுறைக்கு 200 ரூபாய் கட்டணமென்று கணக்குக்காகக் கொள்வோம். இரண்டாயிரம் இரண்டாயிரமாக ஐந்துமுறை எடுத்தவன் 1000 ரூபாய் இழப்பான். பத்தாயிரத்தை ஒரே முறை எடுத்தவன் 200 ரூபாயே இழப்பான். கிரெடிட் கார்டிற் பணம் எடுத்தாலோ, எடுத்த அன்றே வட்டி தொடங்கும். ஆதலின் அதனைக் கடையிற் பொருள் வாங்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து: யு.பி.ஐ. இருக்க அட்டை எதற்கு என்று இளைஞர் வினவுவர். சிங்கப்பூரின் பேநவ் முறையோடு யு.பி.ஐ. 2023 பிப்ரவரியில் இணைக்கப்பெற்றது; இலங்கையிலும் மொரீஷியஸிலும் 2024 பிப்ரவரியில் அம்முறை தொடங்கிற்று. மகிழ வேண்டிய செய்தியே. எனினும் எல்லா நாட்டிலும் எல்லாக் கடையிலும் அது செல்லாது. அட்டையும் கொஞ்சம் கைப்பணமும் உடன் இருத்தலே அறிவுடைமை.

காக்களூர், அம்பத்தூர், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைகளில் வெல்டராகவும் ஃபிட்டராகவும் பழகி, வளைகுடா நாடு செல்லும் நம் பிள்ளைகளுக்குத் தனியே ஒன்று கூறுவோம். ஐக்கிய அரபு நாட்டில் 2009 முதல் தொழிலாளர் ஊதியம் பாங்கு முதலிய வழிகளாலேயே செலுத்தப்படும் முறை ஏற்பட்டது. உங்கள் வியர்வையெல்லாம் அச்சிறு அட்டைக்குள் இருக்கின்றது. பத்திரமாக வைக்கிறேன் என்று யார் கேட்டாலும், மேற்பார்வையாளராயினும் அறைத்தோழராயினும், அட்டையையும் எண்ணையும் கொடாதீர்கள். கொடுத்தபின் கேட்கக் கூச்சம், கேட்டால் பகை. கொடாமை ஒன்றே நட்பையும் காக்கும், பொருளையும் காக்கும். ஊருக்கு அனுப்பும் பணத்தையும், குறைந்த கூலிக்கு அனுப்புவதாகச் சொல்லும் இடையாட்களிடம் தராமல், பாங்கு வழியே அனுப்புங்கள். பழைய உண்டியின் பெயரால் இன்று நடக்கும் அவ்வாணிகம் 1999-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணிச் சட்டத்துக்கு மாறானது; பணம் போனால் முறையிடவும் இடமில்லை.

தாய்மார்களே! உங்கள் அட்டை உங்கள் கணவர் பையிலும், அதன் எண் உங்கள் மகன் நினைவிலும் இருத்தல் தகாது. அயலூரில் கணவர் நோயுற்றுப் படுத்தால் மருந்துக்குப் பணம் எடுப்பவர் யார்? யந்திரத்தின் முன் ஒருமுறையேனும் நீங்களே நின்று பழகுங்கள்.

திருவள்ளுவர் நாணுடைமை என்று ஓர் அதிகாரம் வகுத்தார். அந்நாணம் பழியான செயலுக்கு அஞ்சும் நாணம். தெரியாததைக் கேட்பதற்கும், இழந்ததைச் சொல்லுதற்கும் கூசும் கூச்சத்தை அவர் நாணமென்று கொண்டாரல்லர். நாம்தாம் இரண்டையும் ஒன்றாக எண்ணி இடர்ப்படுகின்றோம்.

ஆகவே, சங்கத்தாரிடம் ஒரு விண்ணப்பம். வெளிநாடு செல்வோர்க்கு வழியனுப்பு விழா நடத்தி மாலை சூட்டுகின்றோம், நன்று. இனி மாலைக்கு முன்னே, மாதந்தோறும் ஒரு ஞாயிற்றுக்கிழமை இம்மண்டபத்தில் இரண்டு மணி நேரம் இப்பயிற்சி அளிப்போமாக. கற்பிக்க நம் இளைஞரே போதும். கற்பிப்பவரிடமும் எவரும் தம் எண்ணைக் கூறலாகாது என்பதே முதற் பாடமாகட்டும். அயலூரில் அட்டை இழந்தவர் எந்நேரத்திலும் அழைக்கத்தக்க ஒருவரைச் சங்கம் நியமிக்கட்டும். அழைத்தவரை அவர் ஒரு சொல்லும் கடியாதிருத்தல் வேண்டும். அறிவுரை பின்னர் ஆகுக, அட்டையை முடக்குதல் முன்னர் ஆகுக.

சிங்கப்பூர் வீதியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு எமக்குக் கற்பித்த அவ்விளைஞரைப்போல, ஒருவர் மானத்தை ஒருவர் காத்து உதவும் சமூகமே உயர்ந்த சமூகம். முதல் வகுப்பிற்கு முதல் மாணவராக எமது பெயரை எழுதிக்கொள்ளுமாறு காரியதரிசி அவர்களை வேண்டுகின்றோம்.