பெயரும் உடையும் அல்ல



சின்னமனூரைச் சூழ்ந்துள்ள வயல்களைப் பாருங்கள். முல்லைப் பெரியாற்றின் நீரே நெல்லுக்கும் பாய்கிறது; வாழைக்கும் பாய்கிறது. ஆயினும் நெல் நெல்லாகவும், வாழை வாழையாகவுமே வளர்கின்றன. மனிதர்களாகிய நாமோ, அடுத்தவரைப் போல் ஆகிவிடுவதே வளர்ச்சி என்று எண்ணிவிடுகிறோம்.

உலகப் போக்கின் அச்சில் தம்மை வார்த்துக்கொள்ளலாகாது, உள்ளம் புதிதாக வேண்டும் என்னும் கருத்தைப் பவுல் அடியார் ரோமாபுரிக் கிறிஸ்தவர்களுக்கு எழுதினார். கேட்பதற்கு இஃது எளிது. ஆனால், எது விசுவாசம், எது உலகப் போக்கு என்று பிரித்தறிவது எளிதன்று. அவ்வாறு பிரித்தறிந்த தமிழர் ஒருவரைப் பற்றி இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

1892ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள், தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர் ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ். இலண்டனில் கணக்குத் தணிக்கை பயின்று, பம்பாயில் அத்தொழிலை நடத்தினார். நடையுடை பாவனை யாவும் ஆங்கில முறையே. அக்காலத்தில் பலர் அதனையே கிறிஸ்தவ நாகரிகம் என்றும் கருதினர். பின்னர் அமெரிக்கா சென்று கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் கற்கையில், அரசாங்கத்தின் வரிமுறையும் செலவுமுறையும் இந்திய மக்களை எவ்வாறு வறியவராக்கின என்பதை ஆராய்ந்தார். ஏழைகளின் நண்பராக வாழ்ந்த இயேசுவை வணங்குகிறவன், ஏழைகளை ஏழைகளாக்கும் ஆட்சியை எவ்வாறு வாழ்த்துவது? இவ்வினாவிலிருந்து அவரால் விலக இயலவில்லை.

1929இல் தாயகம் திரும்பியவர், குமரப்பா என்னும் குடும்பப் பெயரை மீண்டும் ஏற்றார். அவ்வாண்டு மே மாதம் சபர்மதியில் காந்தியடிகளைச் சந்தித்தார். பின்னர்க் கதர் உடுத்தினார், சிறை சென்றார், சட்டமறுப்பை ஏற்காத கல்கத்தாப் பேராயர் வெஸ்ட்கட்டுடன் கடிதவழி வாதிட்டார். 1934இல் தோன்றிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தின் செயலாளராக வார்தாவில் உழைத்தார்.

இங்கு ஒன்றைக் கவனியுங்கள். இந்தியராக வாழ்வதற்காக அவர் கிறிஸ்துவைக் கைவிடவில்லை; கிறிஸ்தவராக வாழ்வதற்காக இந்தியாவையும் கைவிடவில்லை. ஜபல்பூர்ச் சிறையில் அவர் எழுதிய நூல்களுள் ஒன்று இயேசுவின் வாழ்வையும் போதனையையும் விளக்குவது. மற்றொன்று நிலைத்து நிற்கும் பொருளாதாரத்தைப் பற்றியது. இரண்டிற்கும் காந்தியடிகளே முன்னுரை வழங்கினார். அவ்விரு நூல்களும் ஒரே உள்ளத்தின் இரு கிளைகள். இயேசுவின் போதனை ஞாயிற்றுக்கிழமையோடு முடிவதன்று. நாம் உண்ணும் அரிசியிலும் உடுக்கும் துணியிலும் அது விளங்க வேண்டும் என்பதே அவர் கொள்கை.

கொள்கை காத்தவர்க்குத் தனிமை உறுதி. ஆங்கில ஆட்சியோடு ஒத்துப்போன கிறிஸ்தவர்கள் அவரை ஐயுற்றனர். விடுதலைக்குப் பின்னரோ, பெருந்தொழில்களையே முன்னேற்றம் என நம்பிய புதிய ஆட்சியோடும் அவர் ஒத்துப்போகவில்லை. தம் இறுதி ஆண்டுகளை, நம் பள்ளத்தாக்கிற்குக் கிழக்கேயுள்ள தே. கல்லுப்பட்டியில், காந்தி நிகேதன் ஆசிரமத்தில் எளிய வாழ்வு வாழ்ந்து கழித்தார். 1960ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள், காந்தியடிகளின் நினைவு நாளிலேயே, மதுரையில் மறைந்தார்.

கோட்டைக் களைந்து கதரை அணிந்ததுதான் அவர் பெருமை என்று எண்ணிவிடாதீர்கள். நண்பர்கள் அணிகிறார்கள் என்பதற்காக அணியும் கதரும் உலகப் போக்கே. உடை மாறுவதற்கு முன்னரே அவர் உள்ளம் மாறியிருந்தது; உடை அதனைப் பின்தொடர்ந்தது. நீங்கள் எச்சமயத்தைச் சார்ந்தவராயினும், இவ்வரிசை முறையை மறவாதீர்கள்.

ஒன்றைச் செய்யுமுன், "எல்லாரும் இப்படித்தானே செய்கிறார்கள்" என்று மனம் கூறினால், சற்றே நில்லுங்கள். "நான் வணங்குகிறவர் இதனை ஏற்பாரா?" என்று கேளுங்கள். அதற்கு அஞ்சாமல் நீங்கள் கூறும் விடையே, நீங்கள் யார் என்பதைக் காட்டும்.